முட்டுக்கு ஒரு கணக்கு, பலகைக்கு ஒரு கணக்கு

மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். எட்டாம் வகுப்பின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். ஒரு திங்கட்கிழமை முழுக்கக் கலவை இயந்திரத்தின் சத்தத்தோடு பாடம் நடத்தினேன். முதல் மாடிக்கு ரூஃப் போட்டார்கள். அதே வாரம் வெள்ளிக்கிழமை, தளத்தின் அடியில் இருந்து இரும்புப் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“சார், திங்கட்கிழமைதானே ரூஃப் போட்டாங்க? அதுக்குள்ள சென்ட்ரிங்கைப் பிரிக்கிறாங்களே, விழுந்துடாதா?” என்று ஒரு மாணவர் கேட்டார்.

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். “அதெல்லாம் காய்ஞ்சுடுச்சுடா. வெயில் என்ன அடி அடிக்குது!”

இரண்டாமவர் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. மதிய இடைவேளையில் சாலையைக் கடந்து போய் மேஸ்திரியிடமே கேட்டேன்.

“முட்டு எதையும் தொடலை சார். பலகையைத்தான் எடுக்குறோம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. எடுத்த இடத்துல உடனே முட்டு கொடுத்துடுவோம். பலகைக்கு ஒரு கணக்கு, முட்டுக்கு ஒரு கணக்கு. இது ஓபிசி சிமெண்டு. பிபிசியா இருந்தா இன்னும் விட்டுத்தான் எடுப்பேன்” என்றார்.

அவர் சொன்ன சில வாக்கியங்களுக்குள் வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் இருக்கின்றன. சென்னையின் எந்தத் தெருவிலும், பல பள்ளி வளாகங்களிலும், மாணவர்கள் அன்றாடம் பார்க்கும் காட்சி இது. அதை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்பதற்காக இக்கட்டுரை.

காய்வது வேறு, இறுகுவது வேறு

ஈரத் துணி காய்வது போலக் கான்கிரீட்டும் தண்ணீர் ஆவியாகிப் போவதால் கெட்டியாகிறது என்றே பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இதை அசைத்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: ஆற்றுப் பாலத்தின் அடித்தளத்தைத் தண்ணீருக்குள்ளேயே வார்க்கிறார்களே, அந்தக் கான்கிரீட் எப்படிக் காய்ந்தது?

அது காயவே இல்லை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய பொருளாக மாறுகிறது. இதை நீரேற்ற வினை என்கிறோம். சிமெண்டில் உள்ள முக்கியமான சேர்மங்கள் இரண்டு: ட்ரைகால்சியம் சிலிக்கேட், டைகால்சியம் சிலிக்கேட். இரண்டும் தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பசை போன்ற பொருளைத் தருகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் வளரும் இந்தப் பொருள்தான் மணலையும் ஜல்லியையும் கம்பியையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. வெப்பமும் வெளிப்படுகிறது.

இரண்டு சேர்மங்களும் ஒரே வேகத்தில் வினைபுரிவதில்லை. ட்ரைகால்சியம் சிலிக்கேட் வேகமானது; முதல் சில நாள்களின் வலிமை பெரும்பாலும் அதனால் கிடைப்பது. டைகால்சியம் சிலிக்கேட் மெதுவானது; வாரங்கள், மாதங்கள் கழித்து வரும் வலிமைக்கு அது பொறுப்பு.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். கலவை இளகிய நிலையை இழந்து கெட்டிப்படுவது ஒரு கட்டம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் கெட்டிப்படத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் கெட்டிப்பட்டு முடிய வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அதற்குப் பிறகுதான் வலிமை பெறும் கட்டம் தொடங்குகிறது. மறுநாள் காலையில் தளத்தின் மேல் ஏறி நடக்கலாம். தட்டினால் கல்லைப் போல ஒலிக்கும். ஆனால் அப்போது அது தன் முழு வலிமையில் ஒரு சிறு பங்கையே பெற்றிருக்கும். கைக்குக் கடினமாகத் தெரிவது, சுமை தாங்கத் தயார் என்பதற்கு அடையாளம் ஆகாது. விபத்துகள் நடப்பது இந்த இடைவெளியில்தான்.

வலிமை ஏறும் வளைகோடு

கட்டுமான இடத்தில் கலவையை எடுத்து 15 செ.மீ. பக்கமுள்ள இரும்பு அச்சில் கனசதுரங்களாக வார்ப்பதை மாணவர்கள் பார்த்திருக்கலாம். அவற்றை 28 நாள் தண்ணீரில் வைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்20 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்று பொருள். அந்த ஒரு கனசதுரத்தின் மீது சுமார் 45 டன் சுமையை வைப்பதற்குச் சமம் அது.

28 நாளில் கிடைக்கும் வலிமை சம பங்குகளாகப் பிரிந்து நாளுக்கு ஒரு பங்கு என வருவதில்லை. இதைக் காட்ட, சிமெண்ட் வகைகளுக்குத் தரநிலைகள் விதிக்கும் குறைந்தபட்ச வலிமையையே தரவாகக் கொடுக்கலாம். சிமெண்டும் மணலும் சேர்த்துச் செய்த சிறு கனசதுரங்களில் 3, 7, 28 நாள்களில் அளப்பவை இவை. அலகு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன்.

ஓபிசி 43 தரம்: 23, 33, 43
ஓபிசி 53 தரம்: 27, 37, 53
பிபிசி: 16, 22, 33

ஓபிசி என்பது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட். பிபிசி என்பது அதோடு அனல்மின் நிலையச் சாம்பல் போன்ற பொருள்கள் சேர்த்த போசலானா சிமெண்ட். இந்த ஒன்பது எண்களையும் வரைபடத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து, தட்டையாகிக்கொண்டே போவதை மாணவர்களே காண்பார்கள். 43 தரத்தில் மூன்றே நாளில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அடுத்த பாதிக்கு 25 நாள் ஆகிறது. 28 நாளுக்குப் பிறகும் வளர்ச்சி நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது.

அதே படத்தில் மேஸ்திரியின் கடைசி வாக்கியத்துக்கும் விளக்கம் இருக்கிறது. மூன்றாம் நாளில் 53 தர ஓபிசிக்கு 27, பிபிசிக்கு 16. நாள் ஒன்றுதான், வலிமை ஒன்றல்ல. அதனால் நாள்களை எண்ணத் தொடங்கும் முன் மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவராலும் செய்யக்கூடிய வேலை அது.

தளத்தின் எடை என்ன?

முட்டுகள் எவ்வளவு சுமையைத் தாங்கி நிற்கின்றன என்பதை ஒரு வகுப்பறையை வைத்தே கணக்கிடலாம். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் உள்ள தளம் என்று கொள்வோம். கன அளவு 6 × 6 × 0.15 = 5.4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கம்பி போட்ட கான்கிரீட்டின் எடை சுமார் 2,500 கிலோ. ஆகவே தளத்தின் எடை 13,500 கிலோ. மூன்று பெரிய யானைகளின் எடை என்று சொன்னால் சிறு வகுப்பினருக்கும் புரியும்.

கான்கிரீட் போட்ட அன்று இந்த 13.5 டன்னும் சவுக்குக் கம்புகளின் மீதும் இரும்பு ஜாக்கிகளின் மீதும் நிற்கிறது. கடைசி முட்டு எடுக்கப்படும் நாளில், அந்தத் தளம் முதன்முறையாகத் தன் எடையைத் தானே சுமக்கிறது.

அதற்கான நிபந்தனையை கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 (2000) சொல்கிறது: அச்சுகளை அகற்றும் நேரத்தில் கான்கிரீட்டில் எவ்வளவு தகைவு ஏற்படுமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு வலிமை அது பெற்றிருக்க வேண்டும். வலிமையை அளந்து பார்க்க வழியில்லாத இடங்களுக்காக நாள் கணக்கையும் தருகிறது.

தூண், சுவர், பீம் ஆகியவற்றின் பக்கப் பலகைகள்: 16 முதல் 24 மணி நேரம்.
தளத்தின் அடிப்பலகை, எடுத்தவுடன் முட்டு கொடுப்பதாக இருந்தால்: 3 நாள்.
பீமின் அடிப்பலகை, எடுத்தவுடன் முட்டு கொடுப்பதாக இருந்தால்: 7 நாள்.
தளத்தின் முட்டுகள்: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள். அதற்கு மேல் 14 நாள்.
பீம், வளைவு ஆகியவற்றின் முட்டுகள்: 6 மீட்டர் நீளம் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஏன் இப்படி என்று கேளுங்கள். தூணின் பக்கப் பலகை எதையும் சுமக்கவில்லை. இளகிய கலவை வெளியே வழியாமல் தடுக்கவே அது இருக்கிறது. அதனால் மறுநாளே எடுக்கலாம். தளம் குறுக்கே நீளும்போது அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. இடைவெளி கூடக் கூட வளைவும் கூடுகிறது, அதனால் நாளும் கூடுகிறது. பீம் தளத்தையும் சேர்த்துச் சுமக்கிறது, அதனால் அதற்கு இன்னும் அதிக நாள்.

எங்கள் பள்ளிக்கு எதிரே வெள்ளிக்கிழமை நடந்தது இரண்டாவது வரியில் இருக்கிறது. மேஸ்திரி எடுத்தது பலகையை. முட்டுகளின் நாள் இன்னும் வரவில்லை.

இரண்டு நாள் முந்தினால்

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கும் மாணவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. அந்நாட்டின் தேசியத் தர நிர்ணய அமைப்பு விரிவாக ஆராய்ந்தவை.

1973 மார்ச் 2. வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 24-ஆம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே 23-ஆம் தளம் இன்னும் இளசு. அதைத் தாங்கிய முட்டுகளை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். மேலே போடும் ஈரக் கான்கிரீட்டின் எடையும் அதன் மீது இறங்கியது. தூண்கள் தளத்தைத் துளைத்துக்கொண்டு போவது போல, தூணைச் சுற்றித் தளம் அறுந்தது. விழுந்த தளம் அடுத்த தளத்தை உடைத்தது, அது அதற்கடுத்ததை. சரிவு அடித்தளம் வரை நிற்கவில்லை. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

1978 ஏப்ரல் 27. மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் மின் நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வளையம் வார்த்து, சாரத்தை அந்த வளையத்திலேயே பொருத்தி, மேலே அடுத்த வளையம் வார்ப்பது முறை. முந்தைய இரவு குளிராக இருந்தது. முதல் நாள் வார்த்த வளையம் எதிர்பார்த்த வலிமையைப் பெறவில்லை. காலையில் அதன் மீது சுமை ஏறியதும் அது பிய்ந்துகொண்டது. சாரத்தோடு சேர்ந்து 51 பேர் விழுந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை.

தி.நகரிலும் அடையாறிலும் மாடிமேல் மாடியாகக் கட்டுவோருக்கு முதல் நிகழ்வின் பாடம் நேரடியானது. மேல் தளத்தின் எடை, முட்டுகள் வழியே கீழ்த் தளத்தின் மீதுதான் இறங்குகிறது. அதனால் கீழ்த் தளம் தன் எடையைத் தாங்கும் நிலைக்கு வந்திருந்தாலும், மேலே வேலை நடக்கும்போது அதற்கும் முட்டு தேவைப்படுகிறது.

முன்னதாகப் பிரித்த எல்லாத் தளமும் விழுந்துவிடுவதில்லை. அதுவே பலரைத் தைரியப்படுத்துகிறது. ஆனால் விழாத தளத்துக்கும் சேதம் உண்டு. இளம் கான்கிரீட் எளிதில் வளையும்; அந்த வளைவு நிலையாகத் தங்கிவிடும். அடிப்பகுதியில் மயிரிழை விரிசல்கள் வரும். மயிலாப்பூரும் பெசன்ட் நகரும் கடற்கரை ஊர்கள். உப்புக் காற்றும் ஈரமும் அந்த விரிசல் வழியே கம்பியை எட்டும். துருப்பிடித்த கம்பி பருத்து, சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பூச்சைப் பிளந்து தள்ளும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் அறைகளில் சிலவற்றின் கதை, கட்டிய முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

பிறகு ஏன் அவசரப்படுகிறார்கள்? சென்ட்ரிங் சாமான்கள் நாள் வாடகைக்கு வருபவை. ஒவ்வொரு நாளும் பணம். அடுத்த இடத்தில் அதே பலகைக்காக வேறொருவர் காத்திருப்பார். வீட்டுக்காரர் தேதி குறித்திருப்பார். கணக்குத் தெரிந்த மேஸ்திரியும் இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் நிற்கிறார்.

சென்னை வெயிலும் உதகைக் குளிரும்

ஐ.எஸ். 456-இன் நாள் கணக்குக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட், 15 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பநிலை, போதிய நீராற்றல். இவற்றில் எது மாறினாலும் நாள் மாறும்.

வேதிவினைகள் வெப்பத்தில் விரைவுபடும் என்பது மாணவர்கள் அறிந்ததே. கான்கிரீட்டுக்கு அதை எண்ணாக்கும் ஓர் எளிய வழி உண்டு. பிரிட்டனில் நர்ஸ், சால் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது. அதை முதிர்ச்சி முறை என்பார்கள். கான்கிரீட்டின் வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி, மணி நேரத்தால் பெருக்கினால் முதிர்ச்சி எண் கிடைக்கும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே வினை நின்றுவிடுகிறது என்று கொள்வதால்தான் அந்த 10. ஒரே கலவைக்கு முதிர்ச்சி எண் சமமானால் வலிமையும் ஏறத்தாழச் சமம்.

மே மாதச் சென்னையில் சராசரி 32 டிகிரி என்று கொள்வோம். மூன்று நாளில் (32 + 10) × 72 = 3,024. உதகையின் குளிர்காலத்தில் சராசரி 12 டிகிரி என்றால் மணிக்கு 22 வீதம்தான் சேரும். 3,024-ஐ எட்ட 137 மணி நேரம், அதாவது ஐந்தே முக்கால் நாள் ஆகும். சென்னையில் மூன்று நாளில் பெற்றதைப் பெற உதகையில் ஏறத்தாழ இரு மடங்கு நாள் வேண்டும். வெப்பநிலை மாறிக்கொண்டே இருந்தால், வெப்பநிலை–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பே முதிர்ச்சி எண். மேல்நிலை வகுப்பில் தொகையீட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த விதியைப் பயன்படுத்தும் தொழில் நம் காலடியிலேயே நடக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடம் மயிலாப்பூர், தி.நகர் பனகல் பூங்கா வழியாகச் செல்கிறது. மாதவரம்–சிப்காட் வழித்தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாக, அடையாற்றின் அடியிலும் செல்கிறது. சுரங்கத்தின் உட்சுவர், வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் வளையத் துண்டுகளால் ஆனது. இத்தகைய துண்டுகளை வார்க்கும் களங்களில், விலை உயர்ந்த இரும்பு அச்சு அன்றன்றே விடுபட வேண்டும் என்பதற்காக நீராவியால் சூடேற்றி வலிமையை விரைவுபடுத்தும் வழக்கம் உண்டு. நாள்களில் வருவதைச் சில மணி நேரத்தில் வரவழைக்கிறார்கள்.

அப்படியானால் சென்னை வெயில் நமக்கு நன்மைதானே? பாதி நன்மை. தொடக்கத்தில் மிகுந்த சூட்டில் இறுகிய கான்கிரீட், இறுதியில் பெறும் வலிமை சற்றுக் குறையும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். வினைக்குத் தண்ணீர் வேண்டும். வெயிலும் கடற்காற்றும் அதை உறிஞ்சிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். “காய்ஞ்சுடுச்சு” என்று மாணவர் சொன்னாரே, உண்மையில் அப்படிக் காய்ந்திருந்தால் அது கெட்ட செய்தி.

அதனால்தான் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுகிறார்கள். ஓபிசி என்றால் குறைந்தது 7 நாளும், பிபிசி என்றால் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும். வறண்ட வெப்பமான சூழலில் ஓபிசிக்கே 10 நாள்; பிபிசிக்கு 14 நாள் வரை நீட்டிக்கப் பரிந்துரை. ஆய்வகத் தொட்டியில் சொகுசாக ஊறிய கனசதுரம் 20 காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்ற ஆளில்லாத தளம் அதை எட்டியிராது. எனவே முட்டு எடுக்கும் முடிவுக்கு, தளத்தின் அருகிலேயே அதே வெயிலில் அதே ஈரத்தில் வைத்த கனசதுரங்களைச் சோதிப்பதே பொருத்தம்.

முட்டு வேண்டாத பழைய மாடி

எதிரே இடிக்கப்பட்ட வீட்டின் கூரை, மயிலாப்பூரின் பழைய வீடுகள் பலவற்றில் இருந்த ‘மெட்ராஸ் டெரஸ்’. மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவசமாக, மூலைவிட்ட வரிசையில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். ஒரு வரிசை பிடித்ததும் அடுத்த வரிசை அதில் சாய்ந்து நிற்கும். கீழே பலகையும் வேண்டாம், முட்டும் வேண்டாம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மெல்ல இறுகும். அதைக் கொஞ்சம் விரைவாக்கவும் வலுவாக்கவும் சுர்க்கி எனும் செங்கல் பொடியைச் சேர்த்தார்கள். சுட்ட களிமண்ணின் சிலிக்கா சுண்ணாம்போடு தண்ணீரில் வினைபுரியும். இன்றைய பிபிசியில் அனல்மின் நிலையச் சாம்பல் செய்வதும் அதே வேலைதான்: சிமெண்ட் வினையில் உண்டான சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசையை உருவாக்குகிறது. சுண்ணாம்பு முதலில் உண்டாக வேண்டும், பிறகுதான் சாம்பல் வேலை செய்யும். அதனால்தான் பிபிசிக்குப் பொறுமை தேவை. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் நடந்ததும் இதே சென்னையில்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

சிமெண்ட் கலவை கடும் காரத்தன்மை உடையது, தோலைப் புண்ணாக்கும். கலக்கும் வேலையை ஆசிரியர் கையுறை அணிந்து செய்யட்டும். தூள் கண்ணிலும் மூக்கிலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

சூடு பார்த்தல்: சிமெண்டையும் தண்ணீரையும் குழைத்து ஒரு காகிதக் கோப்பையில் நிரப்புங்கள். மெல்லிய நெகிழிக் குழாயில் வெப்பமானியைச் செருகி நடுவில் வையுங்கள். கோப்பையைத் துணியால் சுற்றிவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை மாணவர்கள் குறிக்கட்டும். சற்று நேரம் மாற்றமின்றி இருந்து, பிறகு வெப்பநிலை ஏறும். பத்தாம் வகுப்பின் வெப்ப உமிழ் வினை கண்முன் நிகழும்.

மஞ்சள் தாள்: ஊறவைத்த சிமெண்ட் கட்டியின் தண்ணீரில் மஞ்சள் தடவிய தாளை நனையுங்கள். சிவப்பாகும். உண்டான சுண்ணாம்பே காரணம். ஆறாம் வகுப்பில் ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ நடத்தும்போது இது போதும்.

உடைத்துப் பார்த்தல்: ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் கலந்து, ஒன்றரை செ.மீ. சதுரக் குறுக்குவெட்டும் 16 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகள் பன்னிரண்டு வாருங்கள். அட்டைப் பெட்டியை நெகிழித் தாளால் சுற்றினால் அச்சு தயார். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து, ஆறு பட்டைகளைத் தண்ணீரிலும் ஆறு பட்டைகளை வெயிலிலும் வையுங்கள். 3, 7, 14-ஆம் நாள்களில் இரண்டிரண்டாகச் சோதியுங்கள். இரு மேசைகளுக்கு இடையே பட்டையை வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனை குவளையில் உடைகிறது என்பதே வலிமை. வாளியைத் தரைக்கு மிக அருகில் தொங்கவிடுங்கள். கால்களை விலக்கி வைக்கச் சொல்லுங்கள். வெயிலில் ‘காய்ந்த’ பட்டையா, தண்ணீரில் ஊறிய பட்டையா, எது வெல்லும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னால் ஆர்வம் கூடும்.

அளவுகோல்: இரு விரல்களின் மேல் நெகிழி அளவுகோலை வைத்து நடுவில் அழுத்துங்கள், கீழ்ப்பக்கம் இழுபடும். ஒரு முனையை மட்டும் மேசையில் பிடித்து மறுமுனையை அழுத்துங்கள். இப்போது மேல்பக்கம் இழுபடும். இருபுறமும் தாங்கல் உள்ள தளத்துக்கு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கியும், பால்கனி, சன்ஷேடு போல ஒருபுறம் மட்டும் தாங்கல் உள்ளவற்றுக்கு வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கியும் முட்டு எடுப்பது இதனால்தான். பால்கனியின் நுனியில் ஒரே ஒரு முட்டை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தால், வடிவமைப்பாளர் நினையாத இடத்தில் இழுவிசை வந்து, கம்பி இல்லாத பக்கத்தில் விரிசல் விடும்.

நம் வளாகத்தில் கட்டடம் எழும்போது

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றின் வழியே பல பள்ளிகளில் புதிய வகுப்பறைகள் கட்டப்படுகின்றன. கட்டுமானத்துக்குப் பொறுப்பு பொறியாளருடையது. ஆயினும் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் செய்யக்கூடியவை சில உண்டு.

கான்கிரீட் போட்ட தேதியையும் சிமெண்ட் வகையையும் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லலாம். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை முன்பே கேட்டு வைக்கலாம். முட்டுகளை எந்தத் தேதியில், யார் அனுமதியோடு எடுப்பார்கள் என்று விசாரிக்கலாம். முட்டுக் காட்டுக்குள் ஒளிந்து விளையாடப் பிள்ளைகளுக்கு ஆசை வரும்; ஒரு கம்பு நகர்ந்தாலும் ஆபத்து என்பதால் அந்த இடத்தைக் கட்டாயம் அடைத்து வைக்க வேண்டும். பள்ளி திறக்கும் நாளுக்குள் அறை வேண்டும் என்று நாமே நெருக்காமல் இருப்பதும் இந்தப் பட்டியலில் சேரும்.

எங்கள் எட்டாம் வகுப்பு, ரூஃப் போட்ட திங்கட்கிழமையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டது. தினமும் காலையில் யாராவது ஒருவர் எண்ணை மாற்றுவார். எட்டாம் நாள் காலையில் ஜன்னல் வழியே பார்த்தபோது அறைகளின் நடுவில் இருந்த முட்டுகள் இறங்கியிருந்தன. சில வரிசைகள் மட்டும் அப்படியே நின்றன.

முதல் நாள் கேள்வி கேட்ட மாணவரே சொன்னார்: “அது பீம் சார். அதுக்கு இன்னும் நாள் இருக்கு.”